பத்து கிலோவுக்குக் கீழே

சித்திரங்கோட்டில் எங்கள் கிரஷர் மூச்சடக்கி நிற்பது
மத்தியானம் ஒரு பதினைந்து நிமிடம்.
கரண்டு போனால் கூடக் கொஞ்சம்.
அந்த நேரத்தில்தான் ஞானசிகாமணி
கல்லைத் தட்டிப் பார்ப்பான்.
வெடி வைத்து மலை இறங்கிய கல்லில்
பலகையாய்ப் பிளந்ததை மட்டும் பொறுக்கி,
காதை அருகே கொண்டுபோய், ஒரு தட்டு.
‘டொக்’ என்றால் எறிந்துவிடுவான்.
ஆறு மாதமாய் டொக்.

மூன்று வருஷம் கோஜே தீவில்
கப்பலுக்கு வெல்டிங் வைத்தவன்.
கூடப்போனவர்கள் பெரிய டிவியோடு திரும்பினார்கள்.
இவன் கொண்டுவந்தது ஒரு மே மாத ஞாயிறு:
சியோலில், செத்துப்போன ராஜாக்களுக்கு
வாசித்தே படையல் போடுகிற முற்றம்,
சிவப்பு அங்கிக்காரர்கள்,
அவர்களுக்கு நடுவே சட்டத்தில் தொங்கிய பதினாறு கல்,
மடக்கிய முழங்கை போல ஒவ்வொன்றும்.

“எல்லாம் ஒரே அளவுதான் எக்கா.
தடிதான் வேற வேற.
தடிச்ச கல்லுதான் மேல பாடும், கேட்டியளா,
நம்ம நெனப்புக்கு நேர் எதிரு.”

எடைமேடை அறையில் ரசீது எழுதிக்கொண்டே
நான் பாதி கேட்பேன்.
பட்டு நரம்பு மழைக்குத் தளருமாம்.
மூங்கிலுக்கு வெயில் ஆகாது.
சுரைக்குடுக்கை, தோல், எதைக் கேட்டாலும்
ஒரு சாக்கு வைத்திருக்கும்.
கல் மட்டும் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லுமாம்,
மற்றதெல்லாம் அதைக் கேட்டுத்தான்
தன்னைச் சரிபண்ணிக்கொள்ளுமாம்.
அதை உடைத்தவனுக்கு நூறு அடி,
மூன்று வருஷம் ஊர்விலக்கு,
அந்தக் காலத்துச் சட்டம்.

நாங்கள் மணிக்கு நூற்றைம்பது டன் உடைக்கிறோம்.
எத்தனை அடி, எத்தனை வருஷம் என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்.
கால்குலேட்டரில் இடம் போதவில்லை.

சூபர்வைசர் கிண்டலாய்ச் சொன்னார்,
“சுசீந்திரத்தில போய்த் தட்டுலேய், தூணே பாடும்.”
இவன் யோசித்துத்தான் பதில் சொன்னான்:
“அது கூரையைச் சுமந்துகிட்டுப் பாடுது.
இதுக்கு வேற சோலி இருக்கப்பிடாது.”

ஆடிச் சாரலில் ஒரு நாள் கிடைத்தது.
கறுப்பும் இல்லை நீலமும் இல்லை,
என் தோசைக்கல் அகலம்.
நைலான் கயிற்றில் கட்டி
அறைக்குப் பின்னால் ஷீட்டுக் கம்பியில் தொங்கவிட்டு,
திங்கள்சந்தை இறைச்சிக்கடையில் வாங்கிய
எருமைக்கொம்பு நுனியால் தட்டினான்.

கோயில் மணி என்றால் சொல்லிவிட்டு
வாசலிலேயே நிற்கும், போகாது.
இது சொன்னது, போய்விட்டது.
ரசீதுப் புத்தகத்தில் பேனா அப்படியே நிற்க,
வேளிமலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்
கூப்பிட்டது அங்கிருந்துதான் என்பது மாதிரி.

அவன் போனபிறகு இறக்கி மேடையில் வைத்தேன்.
பூஜ்யம்.
பத்து கிலோவுக்குக் கீழே
எங்கள் தராசுக்குக் கண் தெரியாது.

ஐந்து நாள் மத்தியானம்.
ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ரா
பொக்லைனை விட்டு இறங்கி வந்து
சோற்றுத்தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான்.
“எப்படி முடியும்?” என்று ஒருநாள் கேட்டான்.
முடிக்க ஒரு மரப்புலி உண்டாம்.
பிளந்த மூங்கிலால் தலையில் மூன்று போடு,
பிறகு முதுகில் இருபத்தேழு பல்லையும் ஒரு இழுப்பு.
அதோடு எல்லாரும் நிறுத்திவிடவேண்டும்.

திங்கட்கிழமை கயிறு மட்டும் ஆடியது.
யாரோ அதிகாரி வருகிறார் என்று
ஞாயிற்றுக்கிழமை வளாகம் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள்.
காலையில் ஏழு வண்டி களியக்காவிளை தாண்டிவிட்டது.
ஏழு ரசீதையும் விரித்துப் பார்த்தேன்.
மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
ஒரு இலக்கம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.
பாலராமபுரத்தில் எந்த வீட்டு அஸ்திவாரமோ,
அதன்மேல் யார் கட்டில் போடுவார்களோ.

அவன் யாரையும் ஏசவில்லை.
கிரஷர் நின்றதும் ஒரு கம்பியை எடுத்து
பொக்லைனின் கை தாழ்ந்து கிடந்த இடத்துக்குப் போனான்.
புலிக்கு இருபத்தேழு. இதற்கு ஐந்து பல்,
அதிலும் ஒன்று போன மாதம் தெறித்துவிட்டது.
மூன்று போடு.
பிறகு பொக்கையையும் சேர்த்து
குர்ர்ரென்று ஒரே இழுப்பு.
சுக்ரா தூக்கைத் திறந்தான்.

அடுத்த வண்டி மேடை ஏறியது.
காலி எடை பத்தாயிரத்து முந்நூற்று நாற்பது.
எழுதினேன்.