வலது ஓரம்

என் முதல் சம்பளம் கழுத்துவரை மட்டும் உள்ள மனிதர்களால் வந்தது.
அடையாளப் புத்தகத்துக்கு ஆளுக்கு மூன்று பிரதி.
சிரிக்காதே என்று போர்த்துக்கீசில் அதட்டப் பழகியபோது
எனக்கு வயது பதினாறு.
ஸ்டூடியோக்காரர் மெந்தோன்சா
லிஸ்பனுக்குக் கப்பலேறிய வாரம்
இருட்டறைச் சாவியை என்னிடம் விட்டுப்போனார்,
மூன்று மாத வாடகை பாக்கியையும்.

ஆளுநர் சிலையைக் கயிறுகட்டி இறக்கிய நாளில்
கூட்டம் ஆர்ப்பரித்தது என்கிறார்கள்.
எனக்குக் கேட்டது
லாரித் தட்டில் வெண்கலம் உட்கார்ந்த சத்தம் மட்டும்.
பதினோரு படம். ஒன்பதில் கை நடுக்கம்.

பிறகு கார்ல் மார்க்ஸ் ஸ்டாட், எண்பத்து மூன்று, ஜனவரி.
நம் பிள்ளைகள் அங்கே நூல் நூற்கிறார்கள், போய் எடுத்து வா என்றது அரசு.
ஷட்டர் உறைந்துபோக
அக்குளில் இடுக்கிச் சூடேற்றினேன் காமிராவை.
ஆலை வாசலில் இரவல் கோட்டில் ஒருத்தி.
அவள் இடது கை
பக்கத்தில் நின்ற நெட்டை வெள்ளைக்காரனின் கோட்டுப் பைக்குள்.
பத்திரிகை ஆசிரியர் வலது ஓரத்தை வெட்டினார்.
சகோதர நாடுகளின் உழைப்பு என்று தலைப்பு வைத்தார்.
மணிக்கட்டோடு முடிந்துபோன அந்தக் கையோடுதான்
டாக்கார், பெர்லின், சாவோ பாலோ
எல்லாச் சுவர்களிலும் தொங்கினாள்.

நெகட்டிவ் உறைகளில் நான் எழுதிய ஊர்கள் இரண்டு
இப்போது வரைபடத்தில் இல்லை.
லோரென்சோ மார்க்கெஸ் மபுட்டோ ஆயிற்று,
அந்தப் பனி ஊர் கெம்னிட்ஸ்.
ஊர்களின் பெயரையாவது எழுதியிருந்தேன்.
ஆட்களுக்கு: பெண் தொழிலாளி. துறைமுகத்தில் சிறுவன்.

அறுபத்து நான்கு வயதில் ஒரு பென்சிலோடு கிளம்பினேன்,
படங்களின் முதுகில் எழுத.
துறைமுகச் சிறுவன் பெய்ராவில் சுங்க அதிகாரி.
தன் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டிச் சொல்லி
ரசீது கேட்டான்.

ஷிப்பமனினே சந்தையில் அவள் பஜியா பொரித்துக்கொண்டிருந்தாள்.
எந்தக் கடலையோ தாண்டி இங்கு வந்து
காராமணி மாவுக்கு மாறிக்கொண்ட பஜியா.
வெட்டாத படத்தை நீட்டினேன்.
பார்த்தாள். எண்ணெய் பொரிந்தது.
கரண்டியைக் கைமாற்றி
கட்டைவிரலை வலது ஓரத்தில் வைத்தாள்,
ஆசிரியர் வெட்டிய அதே கோட்டில்,
நூல் பிசகாமல்.

"ஃபெலிசார்தா ஃபுமோ. பெரிய எழுத்தில் எழுது.
ஊரில் தருகிறோம் என்று பிடித்துவைத்த பாதிச் சம்பளத்தை
இன்னும் தராத அமைச்சகத்துக்கு ஒரு பிரதி அனுப்பு.
விரலுக்கு அடியில் உள்ளதை
எழுதாதே."

கரி மூட்டையோடு மகன் வந்தான்.
வாசலில் குனிந்து நுழைய வேண்டிய உயரம், சாம்பல் கண்கள்.
அவன் நிழல் தாளில் விழுமுன்
படத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

சட்டம் போடுகிறவன் நேற்றுக் கேட்டான்,
ஓரத்தில் எண்ணெய் ரேகை, துடைக்கட்டுமா என்று.
வேண்டாம் என்றேன்.

அன்று அவள் எனக்கு ஆறு பஜியா பொட்டலம் கட்டினாள்.
காசை எண்ணி வாங்கிக்கொண்டாள்.