பால் மறத்தல்

துர்க்குவில் ஜனவரிப் பகல்
சாப்பாட்டு இடைவேளை அளவுதான்.
வரும்போதும் இருட்டு, போகும்போதும் இருட்டு.
அடித்தளத்தில் எலிகளுக்கு மட்டும்
சுவிட்ச் தவறாமல்
பன்னிரண்டு மணி நேரம் வெயில்.

கூண்டு கழுவுவதும் மரத்தூள் மாற்றுவதும்
தலை எண்ணி எழுதுவதும் என் வேலை.
ஆராய்ச்சி மாடியில்.

குட்டி ஈன்ற பத்தாம் நாள்
தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்.
ரீக்கா கதவில் ஒட்டிய தாளில் இப்படி இருக்கும்:
கூண்டு மூன்று, முப்பத்தாறு மணி, குட்டிகள் திரும்பும்.
கூண்டு ஏழு, எழுபத்திரண்டு மணி, திரும்பாது.

ஒருமுறை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள்.
கண்ணாடிச் சில்லில் பரப்பி, சிவப்பேற்றிய ஒரு முலை.
எல்லோரும் மரம் என்பார்கள், என்றாள்.
எனக்கு மரமாகத் தெரியவில்லை.
முதல் பஸ்ஸின் ஜன்னலில்
ஓர் ஓரத்தில் தொடங்கிக்
கிளைவிட்டுக் கிளைவிட்டு ஏறும் உறைபனி,
சிவப்பில்.
நடுவே அவரை விதை போல ஒரு நிணநீர் முடிச்சு.
பிறக்கும்போது முழுதாய் வராத உறுப்பு இது,
பருவத்தில் கொஞ்சம், சூலில் மீதி.
கொழுப்புக்குள் தோண்டிப்போகும் முனையில்
உள்ளிருக்கும் செல்கள் செத்துத்தான்
குழாய் குழாயாகிறதாம்.

"பால் நின்றால்?"

"கலையும்.
செத்த செல்லைப் பக்கத்துச் செல்லே
தின்று துப்புரவாக்கும்.
நாற்பத்தெட்டு மணிக்குள் குட்டி வாய்வைத்தால்
கலைவது நின்று திரும்பவும் சுரக்கும்.
அப்புறம் கதவு மூடிவிடும்.
காயம் ஆறுவது போலத்தான்.
ஆறுகிற இடத்தில், சிலருக்கு,
வேறொன்று விழித்துக்கொள்கிறது."
காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்.
என் தங்கை தைனாவை அவளுக்குத் தெரியாது.

தைனா, ஓனிக்கு எட்டு மாதத்தில்
பால் மறக்கடித்தாள்,
நாந்தாலியில் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப.
நான்காம் நாள் அவன் மறந்துவிட்டான்.
முலை மறக்கவில்லை.
பஸ்ஸில் யார் குழந்தையோ அழ,
கோட்டுக்குள் சட்டை நனைந்ததைச் சொல்லிச் சிரித்தாள்.
அடுத்த கோடையில், சவுனாவில், கை தடுக்கியது.
பால் கட்டியிருக்கும் என்று மூன்று வாரம் விட்டாள்.
கட்டிய பால் இல்லை.
கட்டி.

நாற்பத்தேழாம் மணி. இரவு இரண்டரை.
சிவப்பு விளக்கில் ஏழாம் கூண்டுக்காரி
காகிதக் கூட்டை ஒரு மூலையில் கட்டிக்
கலைத்து
மறுமூலையில் கட்டிக்கொண்டிருந்தாள்.
(எலியை அவள் என்று சொல்லக்கூடாது.
விதியில்லை, வழக்கம்.)
செவிலித்தாயின் கூண்டிலிருந்து ஆறு குட்டிகளைக்
கையுறையில் அள்ளித்
திருப்பி வைத்தேன்.

ஏன் என்று கேட்டால்
இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

காலையில் ரீக்கா குனிந்து பார்த்தாள்.
ஆறு வயிறும் உருண்டிருந்தன.
பொய் சொல்ல இடமில்லை.
திட்டவில்லை. நோட்டில் கோடிழுத்து எழுதினாள்:
ஏழு, கணக்கில் சேராது.
பேனாவை மூடாமலேயே கேட்டாள்: "யாருக்கு?"
"தங்கைக்கு."
வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
"எத்தனை மாதம் கொடுத்தேன், எப்போது நிறுத்தினேன் என்று
தன்மேல் கணக்குப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.
எங்களுக்கே இன்னும் கணக்கு வரவில்லை."

அப்படியே தைனாவிடம் போனில் சொன்னேன்.
அதை அவள் கேட்டமாதிரி தெரியவில்லை.
"ஏழுக்குப் பால் வந்ததா?" என்றாள்.
வந்தது என்றேன்.

பிப்ரவரியில் ஏழுக்குப் பதில் பதினெட்டு.
குட்டிகளை நான்தான் பிரித்தேன்.
நாற்பத்தேழாம் மணியில்
மூலைக்கு மூலை கூடு மாறுவதைப் பார்த்தபடி
கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.
எழுபத்திரண்டு ஆனதும்
மணியை எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.