தாளித்தது முளைக்காது

துணி துவைக்கிற கல்லுக்கும்
செப்டிக் டேங்க் மூடிக்கும் நடுவில்
ஒரு சாண் மண்.
அங்கே நான் எதையும் ஊன்றவில்லை.
கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்
பச்சை நூலைப் பிரித்துப் போட்டதுபோல்
என்னவோ எழுந்து நின்றது.

கொத்தமல்லி என்றார் தண்ணீர் கேன் போடும் ஏழுமலை.
கிள்ளி முகர்ந்தேன். இல்லை.
கேரட் என்றாள் மாடி வீட்டு நர்ஸ்,
நைட் டியூட்டி முடித்த கண்ணோடு.
ஒன்றை இழுத்துப் பார்த்தேன்,
வேர் வெறும் வேராகவே வந்தது.
என் மகன் செடிக்குப் போனைக் காட்டினான்.
போன் யோசித்தது.
சோம்பாக இருக்கலாம் என்றது,
வெயில் நகர்ந்ததும் சாமந்தி வகை என்றது,
மூன்றாம் முறை
என் கால் கட்டைவிரலைப் படமெடுத்துவிட்டு
வாய் திறக்கவில்லை.

பிடுங்கிப் போட்டிருப்பேன்.
தோட்டப்பாளையத்தில் ஒரு சாண் மண்ணுக்கும் கணக்கு உண்டு.
அந்த இடத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டால்
பின்னறைக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்கலாம்.
நாள் வாடகை. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்.
கேஸ் அடுப்பு, இரண்டு பாய், ஒரு ஜன்னல்.
ஹவுரா ரயில் காட்பாடியில் இறக்கிவிடும் ஜனம்
எக்ஸ்ரே உறையை வெயிலுக்குக் குடையாகப் பிடித்தபடி
வந்து கதவைத் தட்டும்.

தை மாதம் பூத்தது.
பலமுறை துவைத்த பள்ளிச் சட்டையின் நீலம்.
பிறகு காய் உப்பியது, தலையில் ஐந்து கொம்பு.
ஆட்டுக்குட்டியைத் தேடி வந்த
பேரணாம்பட்டுக்காரி ரஹமத்துன்னிசா
ஒரு முற்றலை நகத்தால் பிளந்தாள்.
கறுப்பு. முக்கோணம்.
"கலோஞ்சி. அதான் கருஞ்சீரகம்.
இது இன்னாத்துக்கு உன் வீட்டுல?
சாவைத் தவிர எல்லாத்துக்கும் மருந்தும்பாங்க எங்க ஆளுங்க."

ஐப்பசியில் நாற்பது நாள் இருந்தார்கள்
நிருபமாவும் அவள் புருஷன் தபனும்.
சாயங்காலமானால் கடுகெண்ணெய்ப் புகை,
ஐந்து விதைகள் வெடிக்கும், நான் தும்முவேன்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்த மண்ணுக்குத்தான்.
துப்புத் துலக்கிவிட்ட பெருமையில்
படத்தோடு என் அரைகுறை ஹிந்தியில் அனுப்பினேன்:
உங்கள் சமையல் இங்கே முளைத்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து தபனின் பதில்.
தீதி, தாளித்தது முளைக்காது.

சரிதான். இருபத்திரண்டு வருஷமாகத் தாளிக்கிறேன்,
எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் இன்னொன்று வந்தது.
மூன்றாவது ஊசிக்கு மறுநாள்
துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து
விதையில் தூசி பொறுக்கினாளாம்.
விரல்நுனி மரத்துப் போயிருந்ததாம்.
டப்பா எப்போது கவிழ்ந்தது என்று
அவளுக்கே தெரியாதாம்.
சொன்னால் வாடகையோடு சேர்த்துப் பிடிப்பேன் என்று
சொல்லாமல் விட்டார்களாம்.

பிடித்திருப்பேன்.

கடைசியாக அவள் குரல், பதினோரு வினாடி.
முழுக்க வங்காளம்.
காந்தி ரோட்டில் காய் விற்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த
ஒரு சொல்தான் பிடிபட்டது.
கொய்ட்டா? எத்தனை?

செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி எண்ணினேன்.
ஆட்டுக்குட்டி தின்றது போக,
வேர் பார்க்க நான் இழுத்தது போக,
பதினேழு.

இழுத்ததையும் சேர்த்து
பதினெட்டு என்று அனுப்பினேன்.