ஒற்றைப்படை வாரம்

வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டார்கள்.
படகை விற்க இருவருக்கும் மனசில்லை.
இரட்டைப்படை வாரங்கள் ஓன்னோவுக்கு,
ஒற்றைப்படை வீப்கேவுக்கு.
பதினேழடி நீளம். நடுப்பலகையைத் தூக்கிவிட்டால்
இரண்டு சாண் தண்ணீர் போதும் அதற்கு.

இருபத்தேழாம் வாரம்.
பால்ட்ரும் தீவுக்குத் தெற்கே
சேற்றில் நட்ட பிர்ச் கிளைகளை எண்ணிக்கொண்டு வருகிறாள்.
ஓதம் திரும்பி அரைமணி ஆயிற்று.
தொம்.
கயிற்றை இழுக்கிறாள். பலகை ஏறுகிறது.
ஆழம் வந்ததும் விடுகிறாள்.
இறங்கவில்லை.

பலகை இறங்காத படகு
காற்றை எதிர்த்து ஏறாது;
நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும்.
உதைத்துப் பார்த்தாள். உலுக்கிப் பார்த்தாள்.
குறிப்பேட்டைத் திறந்தாள்.
போன வாரம், ஓன்னோவின் கோழிக் கிறுக்கல்:
"பலகை சிக்குகிறது. ரொட்டிக் கத்தி உதவும்.
தேன் என்னுடையது."

நங்கூரம் போட்டுக் காத்திருந்தாள்.
சொல்லிக்கொள்ளாமல் போயிற்று கடல்.
தட்டையாய் உட்கார்ந்தது படகு,
சுற்றிலும் புழுக்கள்
முறுக்குப் பிழிந்து வைத்த ஈர மணல்.
வாணலியால் அடியில் பள்ளம் தோண்டி
மல்லாந்து நுழைந்தாள், தலைமுடியெல்லாம் சேறு.

தீவுக்கு நடந்துபோகும் கூட்டத்திலிருந்து
ஒரு பையன் கேட்டது காதில் விழுந்தது:
"அந்தம்மா செத்துட்டாங்களா?"
இல்லை என்று கையை ஆட்டினாள்.
கையில் கத்தி.
கூட்டம் கொஞ்சம் வேகமாக நடந்தது.

புளியங்கொட்டை அளவு கல்,
நெற்றியில் விழுந்தது.
கண்ணைத் துடைத்தபோதுதான் பார்த்தாள்:
பத்தொன்பதாம் வாரம்
நெஸ்மர்சீல் கல்கரையில் அவள் உரசிய கீறல்.
அவள் எழுதி வைக்காதது.
இப்போது அங்கே பசை அடைத்து, தேய்த்து,
பச்சை பூசியிருக்கிறது,
நிறம் ஒரு மாற்றுக் குறைவு.
அதையும் யாரும் எழுதவில்லை.

இன்னும் நான்கு மணி நேரம்.
ரொட்டி இருந்தது.
தேன் ஜாடியைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.
"கல் எடுத்தாயிற்று. கத்தி வளைந்துவிட்டது"
என்று எழுதினாள்.
கீழே "பச்சை" என்று தொடங்கி
பென்சிலை வைத்துவிட்டாள்.
ஒரு கடற்காகம் வாணலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

முதலில் அவள் தோண்டிய பள்ளத்தில் சலசலப்பு.
பிறகு சுக்கான் அசைந்தது.
பிறகு எல்லாமே ஒரு தரம் மூச்சு இழுத்த மாதிரி.

அவள் கயிற்றைத் தொடக்கூட இல்லை.
படகு தடத்துக்கு நழுவி வந்ததும்
பலகை தானாகவே இறங்கிற்று,
விரலிடுக்கில் கயிறு சுட்டுக்கொண்டு ஓட.