பின்னோக்கி நடப்பவன்

இரவுப் பணி முடிய இன்னும் ஒரு மணி நேரம்.
ஆசாரிபள்ளத்தில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்
தேரூர்க் குளத்தங்கரையில் வண்டியை ஓரங்கட்டுகிறேன்.
லிஜா பின்னால், கையுறையைக் கழற்றாமலே தூங்குகிறாள்.
சுழல்விளக்கை அணைத்ததும்
ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன:
முதலில் மலை,
பிறகு ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாடிக் கைகள்,
பிறகு தண்ணீர்.
கடைசியாகத்தான் தாமரை.

வைகாசி பிறந்து ஒன்பது நாள்.
வடக்கே போகவேண்டியவை போய்விட்டன.
மாசியில் இந்தக் குளத்தையே மூடிக் கிடந்த நீலச்சிறகிகளில்
ஒரு இறகுகூட மிச்சமில்லை.
ஒரே ஒரு பொறி உள்ளான்,
கடைசி பஸ்ஸை விட்டவனைப் போல,
சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.
அவசரமில்லை அதற்கு. இனி எந்த பஸ்ஸும் இல்லை.

மார்த்தாண்டத்துப் பழைய கடையில்
எழுநூறு ரூபாய்க்கு வாங்கிய பைனாகுலர்.
இடக்கண்ணில் பூஞ்சை.
அதனால் நான் பார்க்கும் எந்தப் பறவைக்கும்
பாதி உடம்பு மூடுபனியில் இருக்கும்.
இன்று அதற்குள் வந்தது நீளவால் இலைக்கோழி,
கழுத்தின் பின்புறம் மஞ்சள் பட்டு,
அரிவாள்போல் வளைந்த வால்.
அடைகாப்பது ஆண்தான்.
பெட்டை முட்டையிட்டுவிட்டு
அடுத்த மடையில் இன்னொருவனோடு.
(இதை லிஜாவிடம் சொன்னபோது
"நல்ல ஏற்பாடு" என்றாள்.)

நான்கு முட்டை.
புளி போட்டுத் தேய்த்த செம்புக்குடத்தின் நிறம்.
ஒரு இலை, நாலு தண்டு நாணல், அவ்வளவுதான் வீடு.

லாரி டியூபில் வயிறு பதித்து நாகமணி வருகிறார்.
ஏழு மணிக்குள் தோவாளைச் சந்தைக்குப் பூ போகணும்.
தண்ணீரைக் கையால் தள்ளத் தள்ள
அலை ஒவ்வொரு இலையாகத் தட்டிக்கொண்டு போய்
அந்த இலையையும் தட்டியது.
ஓரம் முங்கியது.

பறவை கத்தவில்லை.
குனிந்தது. ஒரு முட்டையை
அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்தது.
பின்னோக்கி நடந்தது.
அந்த நீண்ட விரல்கள், ஒவ்வொன்றும் ஒரு இலைக்குப் பாரம் பகிர்ந்து,
பார்க்காமலே
பின்னால் இருந்த இலையைத் தேடித் தேடி.

ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டைப் பிடிப்பவன் நான்.
மாடிப்படி, வரப்பு, குலசேகரம் பக்கத்து ரப்பர் சரிவு,
எதிலும் முதலில் இறங்குவது என் முதுகு.
அடுத்த அடி எங்கே என்று தெரியாது.
படுத்திருப்பவரின் முகம் மட்டும் தெரியும்.
"பைய, பைய" என்பார்கள் சுற்றி நிற்பவர்கள்,
கல் எங்கே கிடக்கிறது என்று மட்டும் சொல்லாமல்.

இரண்டாவது. மூன்றாவது.
நாலாவதுக்குத் திரும்பி வருவதற்குள்
இலை சரிந்தது.
சத்தமே இல்லை. தண்ணீர் கொஞ்சம் வட்டமாயிற்று.

வந்து நின்றது.
வெறும் இலையைச் சுற்றி ஒருமுறை நடந்தது.
எண்ணத் தெரியுமோ என்னவோ அதற்கு.
பிறகு போய் மூன்றின்மேல் உட்கார்ந்தது,
சிறகைச் சரிசெய்து,
நான்கு இருப்பதுபோலவே அகலமாக.

"போச்சா டிரைவரே?"
"ஒண்ணு."
நாகமணி கழுத்தளவு தண்ணீரில் அப்படியே நின்றார்.
"பாக்கலியே நான்.
அந்தப் பக்கத்துப் பூ அங்ஙன கெடக்கட்டும்.
இருவது பூ வரும். சவம், போகட்டு."
டியூபைத் திருப்பவில்லை. திருப்பினால் அலை எழும்.
காலால் துழாவிக்கொண்டு
பின்னாலேயே போனார்.

போன் அடித்தது. மயிலாடி. முதியவர், மூச்சுத்திணறல்.
இரண்டாவது மணிக்கு முன்பே லிஜா எழுந்து
ஆக்சிஜன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளத்தங்கரையில் வண்டி திருப்ப இடமில்லை.
ரிவர்ஸ் போட்டேன்.
கண்ணாடியில் புழுதி உழும் டிராக்டர்,
அதன் பின்னால் செம்மஞ்சள் தலையோடு உண்ணிக்கொக்குகள்,
கம்பியில் பஞ்சுருட்டான்கள்,
ஒரு கீரி.
நடுவழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.
நானும் நின்றேன்.
அது போன பிறகு போனேன்.
மெயின் ரோடு வரும்வரை
சைரன் போடவில்லை.