பூசி மெழுகுதல்

மழை வந்துவிட்டது என்று
கோவாவிலாவில் எல்லோரும் சந்தோஷப்பட்டுவிட முடியாது.
சோளம் போட்டவன் சிரிப்பான். ஆடு மேய்ப்பவன் சிரிப்பான்.
கண்டெலீயா பிடுங்குகிறவன்
வானத்தைப் பார்த்துக் காறித் துப்புவான்.

சின்ன மெழுகுவர்த்தி என்று அர்த்தம் அந்தப் பேருக்கு.
இலை கிடையாது. சாம்பல் பூத்த குச்சிகள்,
ஒரு பிடிக்கு நூறு.
தாகத்தில் உள்ளீரம் ஓடிப்போகாமலிருக்க
மேலெல்லாம் மெழுகு பூசிக்கொள்ளும்.
தண்ணீர் கிடைத்த வருடம் எதற்காகப் பூச வேண்டும்?
தோல் மெலிந்து, பச்சை பிடித்து,
நிம்மதியாக நிற்கும்.
அதன் நிம்மதி எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

நான் எர்மீனியா. எடை போடுகிறவள்.
வியாழன்தோறும் தராசும் நோட்டுமாக
மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடச் சுவரோரம் உட்கார்வேன்.
கழுதைகள் வரும்.
கந்தக அமிலம் ஊற்றிக் கொதித்த கொப்பரையில்
நுரையாய் மேலே வந்ததை வழித்தெடுத்து
தகர டின்னில் உறையவைத்த மண்நிறக் கட்டிகள் வரும்.
அங்கிருந்து சால்த்தீயோ ஆலை, அப்புறம் கப்பல்.
நான் பார்க்கப்போகாத ஏதோ ஊரில்
ஒருத்தியின் கைப்பைக்குள்
உதட்டுச்சாயம் வெயிலில் வளையாமல் நிற்கிறதென்றால்
எங்கள் ஊர் வறட்சி அதற்கு முதுகெலும்பு.

ஆகஸ்டில் மூன்று வாரம் விடாத மழை.
செப்டம்பரில் தொமித்தீலோ
பதினான்கு கிலோவுக்கு ஒரு கட்டி கொண்டுவந்தான்.
மற்ற யாருக்கும் பத்தைத் தாண்டவில்லை.
விரல் முட்டியால் தட்டினேன்.
மெழுகு கேட்டவுடன் பதில் சொல்லும்.
இது கொஞ்சம் யோசித்துச் சொன்னது.

சுத்தியலை எடுத்தேன்.
அவன் தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ தொலைத்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது அடியில்
கல்.
ஓடையில் உருண்ட கல், முட்டை வடிவம்.
அவ்வளவு பக்குவமாகப் பதித்திருந்தான்,
ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை,
தொட்டில் துணிபோல மெழுகு அதைச் சுற்றி இறங்கியிருந்தது.
தலையில் கல்லைப் போடுகிறவர்களைத் தெரியும்.
இது புதிது.

பின்னால் ஆறு பேர், ஆறு கழுதைகள்.
அவன் கீழுதடு நடுவில் வெடித்து,
காய்ந்து, அதே கோட்டில் மறுபடி வெடித்திருந்தது.
வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் திறக்கும்.
மணிக்கட்டில் அமிலம் தெறித்த இடம்
இளஞ்சிவப்பாக,
கடையில் யாரோ சாயம் இழுத்துப் பார்த்து
வேண்டாமென்று துடைத்ததுபோல.

“ஈரம்” என்றேன், வரிசைக்குக் கேட்கட்டும் என்று.
“நன்றாகக் காயவில்லை. நாலு கிலோ கழிவு.”
நோட்டிலும் அதையே எழுதினேன்.
மழை வருடத்தில் யார் சந்தேகப்படப்போகிறார்கள்.
கல்லைக் காலால் மேஜைக்குக் கீழே தள்ளினேன்.

தலையை ஆட்டினான். நன்றி சொல்லவில்லை.
உதட்டளவில் சொல்வதற்கும்
ஒரு நல்ல உதடு வேண்டுமே.

இப்போது அந்தக் கல்
காற்றில் நோட்டுத் தாள் பறக்காமல் பிடித்திருக்கிறது.
கணக்குப் பார்க்க வந்த லிபோரியோ காந்து
அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்.
விரலை முகர்ந்தார்.
“கல்லில் எப்படி அம்மா மெழுகு?”
“இந்த ஊரில் எல்லாவற்றிலும் ஒட்டும்” என்றேன்.

ஈரம், ஈரம், ஈரம் என்று
செப்டம்பர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார்.
(மற்ற ஐந்து பேருடைய கட்டியையும்
நான் உடைக்கவே இல்லை.)

வெளியே மண்காற்று.
பிசுபிசுத்த விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல்
சற்று நேரம் தூக்கிப் பிடித்திருந்தவர்
பிறகு, என்னைப் பார்க்காமல்,
தன் உதட்டில் தடவிக்கொண்டார்.