டோக்கன் நூத்திப் பதினேழு

தணிக்கைக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து அனுப்பிய மெயிலில்
ஒரே ஆளுக்கு நாலு சொல் போட்டிருக்கிறார்.
முதல் பக்கத்தில் இமேஜினரி,
மூன்றில் ஃபேக்,
ஏழில் ஃபேப்ரிகேட்டட்,
கையெழுத்துக்கு மேலே, களைத்துப்போய், ஃபிக்டிஷியஸ்.

பொங்கியண்ணன் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்கிறார்:
"எல்லாம் பொய்யின்னுதானுங்க அம்மணி?
அதுக்கெதுக்கு நாலு?"

ராத்திரிக்குள் பதில் போக வேண்டும்.
அனுப்பர்பாளையம் பக்கம் மழை. கரண்ட் வந்து வந்து போகிறது.
பாவாத்தாள், செக்கிங் பிரிவு, சொந்த ஊர் மூலனூர்.
அவளை எழுதியவள் நான்தான்.

ஃபேக் இல்லைங்கண்ணா.
காதர்பேட்டையில் நூறு ரூபாய்க்கு மூணு பனியன் விற்கிறானே,
மார்பில் முதலை போட்டு,
வாய் மட்டும் தப்பான பக்கம் திரும்பி,
அது ஃபேக். எங்கேயோ ஒரு அசல் முதலை இருந்தாக வேண்டும்.
பாவாத்தாளுக்கு அசல் கிடையாது.
அவள் யாரைப் போலவும் இல்லை.

இமேஜினரி என்பது
என் மகன் கட்டிலுக்கடியில் நிறுத்தியிருக்கும் லாரி.
டீசல் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம்,
யாரையும் அது ஏமாற்றாது.
குறுக்கே கால் வைத்தால் மட்டும்
"ஹார்ன் கேக்கலையா" என்று கத்துவான்.
பாவாத்தாளுக்கு நான் ரத்த வகைகூடப் போட்டேன்.
ஓ பாசிட்டிவ்.

ஃபிக்டிஷியஸ்ஸும் ஃபிக்ஷனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
ஒன்று, டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்க்கிற பொய்.
மற்றது ரிஜிஸ்டருக்குள் தலையைக் குனிந்துகொள்கிறது.
ஃபேன்ஸியிலிருந்தும் ஒரு சொல் வருகிறது;
நமக்கு அது கிளிப்பும் ரிப்பனும் விற்கிற கடை, விடுங்கள்.

ஆக்னஸ் டீயை வைத்துவிட்டு
"கற்பனைன்னு எழுதிடு" என்கிறாள்.
அவள் அம்மாவின் பழைய ஜெபப் புத்தகத்தில்
கற்பனை என்றால் கட்டளையாம். பத்து இருக்கிறதாம்.
எட்டாவது என்னவென்று நான் கேட்கவில்லை.

ஃபேப்ரிகேட்டட்.
இதுதான் இந்த ஊர்ச் சொல்.
கோனிலிருந்து நூல் இறங்கி, ஊசி ஊசியாகப் பின்னி,
ரோலாகி, எடை போட்டு வெளியே வருவது.
பொய் என்று அது சொல்வதில்லை, கை என்கிறது.
யாரோ உட்கார்ந்து செய்தார்கள் என்கிறது.
என் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.

எதில் பின்னினேன் என்றால்
நாச்சாளின் இரண்டு மணி நேரம், ராத்திரி எட்டிலிருந்து பத்து.
தெய்வாத்தாளின் ஒன்றரை.
ஒடிசாவிலிருந்து வந்த சாபித்ரி பிரதானின்
ஞாயிற்றுக்கிழமை, முழுசாக.
சட்டத்தின் கணக்குக்கு மேலே வழிந்ததையெல்லாம்
ஒருத்திமேல் ஊற்றி
அவளுக்குப் பேர் வைத்தேன்.

ஆள்தான் இல்லை.
நேரம் இருந்தது. பிசிறு வெட்டிய கத்தரி இருந்தது,
கறை தேடிய கண்ணெரிச்சல் இருந்தது.
ஹாம்பர்க் போன பெட்டிகளில் அவள் பார்த்த உருப்படி
ஆயிரத்து நானூறு,
ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
இல்லாதவள் செய்த, இருக்கிற வேலைக்கு
அவர்கள் மொழியில் சொல் உண்டா என்று அகராதியைப் புரட்டினேன்.
நம்முடையதையும் புரட்டினேன்.
புனைதல் என்று ஒன்று. பூச்சூடுவதற்கும் அதுதான் சொல்லாம்.
பாவாத்தாள் ஒரு நாளும் பூ வைத்து வந்ததில்லை.

சனிக்கிழமை, சம்பளக் கவரில் அவள் பேர் எழுதித் தருவேன்.
மூன்று பேரும் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பிரித்துக்கொள்வார்கள்.
சில்லறையில் சண்டை வரும்.
போன வாரம் நாச்சாள் சிரிக்காமல் கேட்டாள்:
"பாவாத்தாளுக்குப் போனசு உண்டுங்களா?"

மணி பதினொன்று நாற்பது.
ஐயா, தாங்கள் குறிப்பிட்ட ஊழியர் இமேஜினரி அல்ல
என்று தட்டிவிட்டேன்.
அடுத்த வரியில் கர்சர் துடிக்கிறது.
பொங்கியண்ணன் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.
நாச்சாள், இரண்டு மணி நேரம்,
என்று ஆரம்பிக்கிறேன்.